இடைவெளி திறப்பு விழா

சட்டமன்ற உறுப்பினர் என்னும் இனத்தை அடையாளம் காணக் கொடி கட்டிய கார் தேவையில்லை; கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தேவையில்லை. கையில் ஒரு மைக்கைக் கொடுத்து, “ஐயா, மணி என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்து விடை சொல்லிவிடுவார். நம்மவரோ தொண்டையைச் செருமி, இவ்வினாவை எழுப்பிய அன்புச் சகோதரரை வணங்கி, அச்சகோதரரை ஈன்றெடுத்த தாயையும் தந்தையையும் வணங்கி, ஏழை எளியோரும் கையில் கடிகாரம் கட்டும் காலத்தைக் கொண்டுவந்த கட்சித் தலைமையை வணங்கி, அத்தலைமைக்குத் தோள் கொடுக்கும் அமைச்சர் பெருமக்களை வரிசை பிறழாமல் வணங்கி, ஒருவழியாக முள்ளைப் பார்ப்பார். அதற்குள் முள் நகர்ந்திருக்கும்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் இந்த இனம் தரிசில் தானாக முளைத்ததன்று. தண்ணீர் ஊற்றியவர்கள் நாம்.

எடுத்துக்காட்டாக வரதனைக் கொள்வோம். இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் ஆலைப் புகைபோக்கிகளுமாக நீண்டு கிடக்கும் தொகுதி அவருடையது. தந்தையார் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் தகடு ஏற்றி இறக்கியவர். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் வாழ்நாள் முழுவதும் பேச்சைச் சிக்கனமாகச் செலவழித்தவர். அவர் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து மகன் பேசினார்.

இளமையில் கட்சி வரதனுக்குக் கொடுத்த முதல் பொறுப்புக்குப் பெயர் கிடையாது. வேலை மட்டும் உண்டு. தலைவர் வரும்வரை பேசிக்கொண்டிருப்பது. பொதுக்கூட்டம் மாலையில் என்று சுவரொட்டி சொல்லும். எந்த நாள் மாலையில் தலைவர் வந்து சேர்வார் என்பது அவருக்கே தெரியாது. அதுவரை கூட்டம் கலையாமல் காக்க ஒரு குரல் வேண்டும். அவ்வேலையில் ஒரு நுட்பம் உண்டு: பேச்சில் விஷயம் இருக்கக் கூடாது. இருந்தால், தலைவரின் கார் தெருமுனையில் திரும்பும்போது விஷயம் பாதியில் தொங்கும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மீதிக்கு ஏங்கித் தலைவரையே முறைப்பார்கள். விளியும் வாழ்த்தும் மட்டுமே கொண்ட பேச்சையோ எந்த இடத்திலும் நறுக்கலாம், வெள்ளரிக்காயைப் போல. இருபுறமும் ஒரே சுவைதான்.

வரதன் இக்கலையில் தேர்ந்தார். வட்டச் செயலாளர் ஆனார். மாமன்ற உறுப்பினர் ஆனார். சட்டமன்றத் தொகுதிக்கே கட்சி அவரை நிறுத்தியபோது, அது திறமைக்குக் கிடைத்த பரிசு என்று நாம் பட்டாசு கொளுத்தினோம். உண்மையில் அது ஒரு விபத்தின் பயன். அவருக்கு முன்பு அத்தொகுதியில் இருந்தவர், ஒரு கூட்டத்தில் மாவட்டச் செயலாளரின் பெயரை மறந்துவிட்டு, குடிநீரைப் பற்றி எடுத்த எடுப்பிலேயே பேசத் தொடங்கிவிட்டார். குடிநீர் வந்தது. மறுமுறை அவருக்குச் சீட்டு வரவில்லை.

அந்தப் பாடத்தை வரதன் நெஞ்சில் எழுதிக்கொண்டார். பெயரை விட்டால் பகை வரும். விஷயத்தை விட்டால் என்ன வரும்? விஷயத்துக்கு வாக்கு உண்டா? ஆதரவாளர்கள் உண்டா? கோபம்தான் வருமா? விஷயத்தைப் போன்ற சாதுவான பிராணி உலகத்தில் வேறில்லை.

நாம் மட்டும் இலேசுப்பட்டவர்களா? கொருக்குப்பேட்டைத் திருமண மண்டபமோ, தண்டையார்பேட்டைக் காதணி விழாவோ, நம் வீட்டு விசேஷத்துக்கு அவர் வந்து மைக்கைப் பிடித்தால், நாம் கேட்பது வாழ்த்துரையையா? நம் பெரியப்பாவின் பெயரை அவர் சொல்கிறாரா என்பதையா? சொல்லிவிட்டால் அவர் தொகுதியின் செல்லப்பிள்ளை. விட்டுவிட்டால், பெரியப்பா பந்தியில் உட்காராமல் செருப்பைத் தேடுவார். நாம் அந்த வாரம் முழுவதும் ‘பதவி வந்தால் புத்தி மாறிவிடுகிறது’ என்று பேசித் திரிவோம். இப்படித்தான் அவரை வளர்த்தோம். இப்படித்தான் அவரும் வளர்ந்தார்.

வரதன் முட்டாள் அல்லர். அதுதான் இதில் வருத்தப்பட வேண்டிய செய்தி. தம் பேச்சு எங்கோ தொடங்கி எங்கேயும் போய்ச் சேர்வதில்லை என்பதை அவர் நன்கு அறிவார். காலையில் தலை வாரும்போது, “கண்ணாடிக்குள் வீற்றிருக்கும் அண்ணன் வரதன் அவர்களே” என்று தம்மையே விளித்துச் சிரித்துக்கொள்வார். காசிமேட்டுப் பெண்ணான அவருடைய மனைவி ஹெப்சிபாவுக்கு அந்தச் சிரிப்புக்கூட வராது.

“சோறு வேணும்னா வேணும்னு சொல்லுங்க,” என்பார் அவர். “அதுக்கு எங்கம்மா, எங்கப்பா, எங்க சர்ச்சு பாஸ்டரு அல்லாரையும் கும்புட வேணாம். ஆறிப் பூடுது.”

இந்நிலையில்தான் கெங்கம்மா தொகுதி அலுவலகத்துக்கு வந்தார். கடலோரக் குப்பத்தில் மீன் விற்பவர். வரதன் அரைக்கால் சட்டையில் திரிந்த காலத்தையும் பார்த்தவர். அவருடைய குறையை நாம் எல்லாரும் அறிவோம். நாள்தோறும் கண்ணால் காண்பதுதான். குப்பத்துக்கும் சந்தைக்கும் நடுவே சாலை. சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. வேறொருவன் வண்டியைச் செருகிவிடுவான் என்ற அச்சத்தில், ஒன்றின் மூக்கு மற்றொன்றின் முதுகில் ஒட்டியபடி நிற்கும். அந்த வரிசைக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. சுற்றிக்கொண்டு போனால் மீன் நாறிவிடும். ஆகவே கூடையை முதலில் தள்ளிவிட்டு, லாரியின் அடிவயிற்றுக்குக் கீழே குனிந்து தவழ்ந்து மறுபக்கம் போவது அப்பெண்களின் வழக்கம்.

“இந்தா பாரு நைனா,” என்றார் கெங்கம்மா. “எங்க தெருமொனைல ரெண்டு வண்டிக்கு நடுவுல ஒரு ஆளு பூர்ற எடம் வுட சொல்லு. வேற ஒண்ணியும் வேணாம். முந்தாநேத்து எங்க நாத்தனா அடில பூந்துகினு இருக்க சொல்ல வண்டி கெளம்பிட்சி. முந்தான மாட்டிகிச்சி. கிழிச்சிகினு உருண்டு வந்தா. பொடவ பூட்சி, ஆளு கீறா. அட்த்த வாட்டி ஆளு பூடும், பொடவதான் கெடைக்கும்.”

வரதனுக்கு உடல் சிலிர்த்தது. அந்த நடுக்கம் உண்மையானது. அதைப் பற்றி ஐயப்பட வேண்டா. ஆனால் நடுக்கம் வாய்க்கு வந்து சேர்வதற்குள் பதவி குறுக்கே வந்துவிட்டது.

“கெங்கம்மா, கவலையே படாத. மேம்பாலமே கட்டிடலாம்!”

“பாலமா? அது இன்னாத்துக்கு? கூடைய தலைல வெச்சிகினு நான் மாடி ஏறி மாடி எறங்கவா? முட்டி ஏற்கெனவே பேஜாரு. சந்து வுட சொல்லுன்னா வானத்துல ஏத்தறியே.”

குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர் வேலப்பன் பக்கத்தில் இருந்தார். அவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். வரதனின் காதருகே குனிந்து, “பாலம்னா கல்வெட்டு வெக்கலாம்ணே,” என்றார். “சந்துல எத்த வெக்கறது?”

கேட்டீர்களா, தருக்கத்தை? நாமும் தலையாட்டினோம். சந்து என்பது ஒன்றும் இல்லாத இடம். ஒன்றும் இல்லாத இடத்தைக் கொடுத்தவர் என்று ஒருவருக்கு எப்படிச் சுவரொட்டி ஒட்டுவது?

அந்த மாதமே நெடுஞ்சாலைத் துறையின் மானியக் கோரிக்கைமீது பேரவையில் பேச வரதனுக்கு வாய்ப்புக் கிடைத்தது. முதல் நாள் ஹெப்சிபா சாம்பாரில் கரண்டியை விட்டபடியே வழி சொல்லிக் கொடுத்தார்.

“எழுந்து நின்னதும் ‘லாரிக்கு அடில பொம்பளைங்க தவழ்றாங்க’ன்னு சொல்லிடுங்க. அப்பால ஒக்காந்துகினு எவ்ளோ வணக்கம் வேணாலும் வெய்யுங்க. யாரு தடுக்கறா?”

“மொதல்லியே விஷயமா? மரியாதையா இருக்காதே.”

“அந்த அம்மா மேல வண்டி ஏறினா அது மரியாதையா?”

வரதன் கண்ணாடி முன் நின்று பழகினார். ‘லாரிக்கு அடியிலே…’ என்று தொடங்கியபோது நாக்கு மொட்டையானதுபோல் இருந்தது. சட்டையில்லாமல் தெருவில் நிற்பதைப் போலக் கூச்சமாக இருந்தது. ‘அட வரதா, உனக்கு ஒரு வாக்கியம் பேசத் தெரியாதா?’ என்று கண்ணாடியிடம் கேட்டார். அது விடையளிக்கவில்லை; அதை அவர் இன்னும் முறைப்படி விளிக்கவில்லை.

மறுநாள் பேரவையில் எழுந்தார். மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே என்றார், அது விதி. அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தலைமையை வணங்கினார், தலைமையின் கனவை வணங்கினார், கனவை நனவாக்கும் அமைச்சரை வணங்கினார், அமைச்சர் சாலையைப் பார்வையிட வந்தபோது தம் தோளில் கைவைத்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்து, அந்தத் தோளையும் ஏறத்தாழ வணங்கினார், தொகுதி மக்களை வணங்கினார், பின்பு உண்மையிலேயே கண் கலங்க, “என் தொகுதியிலே, கடலோரத்திலே, தாய்மார்கள்…” என்று வந்து சேர்ந்தார்.

மணி அடித்தது. நேரம் முடிந்தது.

மணி அடித்த பேரவைத் தலைவருக்கு நன்றி கூறி அமர்ந்தார்.

நாம் அப்பேச்சைப் பின்னணி இசையோடு வெட்டி ஒட்டி அன்று மாலையே கைப்பேசி தோறும் அனுப்பினோம். ‘சட்டமன்றத்தில் சிங்கம்’ என்பது தலைப்பு. குப்பத்துப் பெண்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“எங்கடி நம்ம தெருவு?” என்றார் கெங்கம்மா. “திருப்பி ஓட்டு. அந்தாண்ட ஓட்டு. இந்தாளு அல்லாத்தயும் கும்புட்டான், லாரிய மட்டும் வுட்டுட்டான். அத்தயும் கும்புட்டு இருந்தா அதாவது நகந்து குட்த்திருக்கும்.”

பிறகு பெண்கள் தாமே ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒருநாள் காலை, தெருமுனையில் ஒரு லாரி முன்னே நகர்ந்ததும், அடுத்த லாரி ஒட்டுவதற்குள் கூடைகளோடு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த லாரியை ஓட்டிவந்தவர் தண்டையார்பேட்டை மொஹ்சின்.

“எழுந்துருங்கமா! எவனாவது பூந்துடுவான்!” என்று அவர் தலையை நீட்டிக் கத்தினார்.

“நாங்கதான்பா பூந்துட்டோம்,” என்றார் கெங்கம்மா. “ஒரு ஆளு போற எடம் வுடு தோஸ்து. ஒன் வண்டி தங்கமா இருக்கும்.”

மொஹ்சின் தலையைச் சொறிந்தார். பிறகு பின்னால் வந்தவர்களுக்கும் கையசைத்துச் சொன்னார். போக்குவரத்துக் காவலர் ஒருவர் இரக்கப்பட்டு இரண்டு தடுப்புகளைக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான். வரிசை நகர்ந்தாலும் நின்றாலும் தடுப்புகளுக்கு நடுவே எவரும் வண்டியை நிறுத்துவதில்லை என்பது சில நாள்களிலேயே வழக்கமாகிவிட்டது. பெண்கள் கூடையைத் தலையில் வைத்து நிமிர்ந்து நடந்தார்கள். ஒரு சிக்கல் இவ்வளவு மலிவாகத் தீர்ந்தது நமக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. மீண்டும் சீட்டு கிடைக்குமா என்று வரதனுக்கு உறக்கம் கெட்டிருந்த நேரம். வேலப்பன் வந்தார்.

“அண்ணே, அந்த சந்த நாம தொறந்து வெச்சிடலாம்ணே. மாவட்டச் செயலாளரயும் கூப்டுவோம்.”

“அது ஏற்கெனவே தொறந்துதான்யா கீது. தொறந்து கீறத எப்படித் தொறக்கறது?”

வேலப்பன் கணமும் தயங்கவில்லை. “மொதல்ல ரிப்பன் கட்டி மூடுவோம். அப்பால தொறப்போம்.”

வரதன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டுத் தேதி கொடுத்தார். சிரித்ததைப் பற்றி நமக்குக் கருத்தில்லை. தேதியைப் பற்றித்தான் சங்கக் கூட்டத்தில் காரசாரமாக விவாதித்தோம்.

அடுத்து, மேடையை எங்கே போடுவது? சாலையின் இந்தப் பக்கம் போட்டால் இடைவெளியை லாரி மறைத்தது. அந்தப் பக்கம் போட்டால் வரதனை லாரி மறைத்தது. புகைப்படத்தில் இடைவெளியும் விழ வேண்டும், அண்ணனும் விழ வேண்டும். ஆழ்ந்த ஆலோசனைக்குப் பின் ஒருமனதாக முடிவு செய்தோம்: மேடையை இடைவெளியிலேயே போடுவது. போட்டோம். தடுப்புக்குத் தடுப்பு கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு கைக்குழந்தைகூட நுழைய இடமில்லை. அதில் குறையிருப்பதாக நம்முள் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. பின்னால் நின்ற லாரிகளை விழா முடியும்வரை பொறுக்கச் சொன்னோம். முன்னால் நின்ற லாரிகளிடம் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

விழா தொடங்கியது. சந்தைப் பக்கம் நாற்காலிகளில் நாம். மேடையில் வரதன், அவருக்கு வலப்புறம் மாவட்டச் செயலாளர், இடப்புறம் வேலப்பன். ஆரத்தி எடுக்கக் கெங்கம்மா வர வேண்டும். அவர் வீடு குப்பத்தில். குப்பமோ மேடைக்குப் பின்னால். வழி எங்கே? வழியில்தான் நாம் மேடை போட்டிருந்தோமே.

வரதன் மைக்கைப் பிடித்தார். தலைமையை வணங்கினார். அமைச்சர் பெருமக்களைத் தொட்டார். அடுத்த பெயர் மாவட்டச் செயலாளருடையது. அவரும் புன்னகையை எடுத்து அணிந்துகொண்டு, கைகூப்ப வாகாக மோதிரங்களைத் திருப்பிக்கொண்டார். அப்போது வரதனின் பார்வை மேடைக்குப் பக்கவாட்டில், வரிசையில் முன்னால் நின்ற லாரியின்மேல் விழுந்தது. அதன் அடியிலிருந்து ஓர் ஆரத்தித் தட்டு வெளியே வந்தது. தட்டுக்குப் பின்னால் ஒரு கை. அதற்குப் பின்னால் நரைத்த தலை, பெரிய சக்கரங்களுக்கு இடையில்.

அதே கணத்தில் லாரி உறுமியது. தொலைவில் துறைமுக வாயில் திறந்திருக்க வேண்டும். வரிசை நகரத் தொடங்கியிருந்தது.

வரதனின் கையில் மைக் இருந்தது. தெருவின் இரு முனைக்கும் கேட்கும் ஒலிபெருக்கிகள் இருந்தன. ‘நிறுத்து’ என்பது நாலே எழுத்து. அவர் வாயைத் திறந்தார்; முழு மூச்சையும் கூட்டிக் கத்தினார்.

“மேடையிலே வீற்றிருக்கும்…!”

நாம் கைதட்டினோம்.

“…ஆற்றல்மிகு…!” என்றது அவர் வாய். கண்கள் பிதுங்கின. வேறு சொல்லே வரவில்லை. அத்தனை ஆண்டுப் பழக்கம் தொண்டையை அடைத்துக்கொண்டு வெளியே வந்தது. வாய் உதவாது என்று தெரிந்ததும் கால்கள் தாமே முடிவெடுத்தன. மேடையிலிருந்து குதித்தார், நாற்காலி ஒன்று கவிழ்ந்தது, “…செயல்வீரர்…” என்று உளறியபடியே ஓடி, கையிலிருந்த மைக்கினால் லாரியின் கதவை ஓங்கி அடித்தார். டொம்! டொம்! டொம்! எட்டு ஒலிபெருக்கிகளும் இடித்தன. அவர் வாழ்நாளில் மைக்கைக்கொண்டு ஒரு விஷயத்தைத் தெரிவித்தது அதுவே முதல்முறை.

லாரி நின்றது. மொஹ்சின் எட்டிப் பார்த்தார். “இன்னா சார்? வண்டிய எதுக்கு ஒட்ச்சிகினு கீற?”

வரதன் கீழே கைகாட்டினார். கெங்கம்மா தவழ்ந்து வெளியே வந்து எழுந்து நின்றார். ஆரத்தித் தட்டு சக்கரத்துக்கு அடியில் அப்பளமாகியிருந்தது. மொஹ்சின் இறங்கிவந்து அதைப் பார்த்து, “யா அல்லா,” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாடா வரதா,” என்றார் கெங்கம்மா. குரல் நடுங்கியது, பேச்சு நடுங்கவில்லை. “சந்த தொறக்கறேன் தொறக்கறேன்னு சொல்லி அட்ச்சி வெச்சிகினு கீறியே. நீ வராத வரிக்கும் நாங்க ஒயுங்கா நடந்துகினு இருந்தோம்.”

வரதன் மேடையைப் பார்த்தார். மாவட்டச் செயலாளரின் கூப்பிய கைகள் இன்னும் இறங்கவில்லை. முடிக்க வேண்டியது ஒரு பெயர்தான். முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வரதனுக்குத் தெரியும். மைக்கை உயர்த்தினார்.

“மேடையைப் பிரிங்க,” என்றார்.

அதுவே அவருடைய அரசியல் வாழ்வின் மிகச் சிறிய பேச்சு. வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. ரிப்பனைக் கையாலேயே அறுத்து எறிந்தார். பந்தல்காரர்கள் பலகைகளைக் கழற்றத் தொடங்க, மாவட்டச் செயலாளர் காரில் ஏறினார்.

நாம் சும்மா இருந்தோமா? அன்று மாலையே சங்கம் கூடியது. ‘ஒருவர் பெயரையும் சொல்லாமல் கூட்டத்தை முடித்து நம்மை அவமதித்த’ செயலை வன்மையாகக் கண்டித்தோம். பதவி வந்தால் புத்தி மாறிவிடுகிறது என்று பேசிக்கொண்டோம். கெங்கம்மா பிழைத்ததைத் தீர்மானத்தில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அது தலைப்புக்கு அப்பாற்பட்டது என்பதால் ஏற்கப்படவில்லை.

வேட்பாளர் பட்டியல் வந்த அன்று வரதன் வீட்டுக்குள் நுழைந்தார். ஹெப்சிபா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“சீட்டு இல்ல,” என்றார் வரதன்.

ஹெப்சிபா திரும்பிப் பார்த்தார். சற்று நேரம் காத்திருந்தார், வேறெதுவும் வரவில்லை.

“பரவால்லியே,” என்றார். “பேசக் கத்துக்கினீங்க. ஒக்காருங்க, சோறு சூடா கீது.”

சீட்டு வேலப்பனுக்குக் கிடைத்தது. அவர் வென்றார், நாம் பட்டாசு கொளுத்தினோம். தெருமுனை இடைவெளி இன்றும் இருக்கிறது. கல்வெட்டு இல்லை, பெயர்ப் பலகை இல்லை. யாரும் திறந்துவைக்காத ஒரே காரணத்தால் அது திறந்தே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, ‘நல்லவேளை, நாம் சட்டமன்ற உறுப்பினராக இல்லை’ என்று நீங்கள் பெருமூச்சு விடக்கூடும். அவசரப்பட வேண்டா. அன்று லாரி உறுமியபோது, நாற்காலியில் அமர்ந்திருந்த நம் அனைவரின் கண்களும் முன்னோக்கித்தான் இருந்தன. நம்மில் ஒருவர் திரும்பியிருந்தாலும் தட்டும் கையும் தெரிந்திருக்கும். நாம் பார்த்துக்கொண்டிருந்தது வரதனின் உதடுகளை. மாவட்டச் செயலாளருக்கு அடுத்துச் சங்கத்தின் முறை. நீங்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று இங்கே எழுதிக் காட்டப் போவதில்லை. அடுத்த கூட்டத்தில் உங்கள் பெயர் விடுபட்டால், முகம் சிவந்து எழுந்துபோகும் முன்பு பக்கவாட்டில் ஒருமுறை பாருங்கள். அங்கே யாராவது தவழ்ந்துகொண்டிருக்கலாம்.